கோமதிநாயகத்தின் மூன்றாவது சிறுநீரகம்

கோமதிநாயகத்தின் இரண்டு சிறுநீரகங்களும் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. டாக்டர் அவற்றை அப்படியே இருக்கவிட்டு, அடிவயிற்றில் ஒரு பன்றியின் சிறுநீரகத்தைப் பொருத்தினார்.

"தம்பிக்கு எந்த ஊர்?" என்று மேலேயிருந்து இடது சிறுநீரகம் கேட்டது.

"பன்றிப் பண்ணைங்க."

"அட கடவுளே! இது வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிற உடம்புய்யா," என்றது வலது. "இப்போ வெள்ளை அணுக்கள் காவல் சுற்றி வருவாங்க. அந்நியன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், உன்னைக் கடிச்சே துரத்திடுவாங்க."

"நான் வேலை செய்யத்தாங்க வந்தேன்," என்று புதுச் சிறுநீரகம் நடுங்கியது.

அந்த நேரம் பார்த்து, நாளுக்கு இரண்டு டம்ளர் தண்ணீரோடு காலம் தள்ளி வந்த கோமதிநாயகம் ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

"ஐயோ, வெள்ளம் வருது அண்ணே!" என்று வலது அலறியது. "இதை யாரு இறைக்கிறது?"

அதற்குள் வெள்ளை அணுக்கள் வந்து நின்றன. "யார் இவன்?"

"எங்க தம்பிங்க," என்றது இடது. "கூடப் பிறந்தவன்."

"உங்க ஜாடை கொஞ்சமும் இல்லையே?"

"அவனுக்கு அம்மா ஜாடை," என்றது வலது. "வழியை விடுங்க, பிள்ளைக்கு வேலை கிடக்கு."