எண்ணெய்ப் பிசுக்கு

‘மறந்து விட்டுப்போன குளிர்கால உடைகளைப் பெற்றோர் இன்றைக்குள் எடுத்துச் செல்லவும்’ என்ற அறிவிப்பின் கீழே, பள்ளித் தாழ்வாரத்து மேசையில் கம்பளிகள் குவிந்து கிடக்கின்றன. ஜன்னல் கண்ணாடியில் பனி அப்பியிருக்கிறது. சென்ற வாரம் நிமோனியாவில் மகனைப் பறிகொடுத்தவள் அவனுடைய நீல ஸ்வெட்டரை எடுத்து முகத்தோடு அழுத்திக்கொள்கிறாள். சோப்பு வாசனை மட்டும்தான் வருகிறது. “நம்ம வாலுப்பயலோடதாச்சேன்னு நானே ரெண்டு தடவை துவைச்சேன்மா,” என்கிறாள் பள்ளி ஆயா, கண்ணைத் துடைத்தபடி. தாய் தலையாட்டிவிட்டு, கைமடிப்பைப் பிரித்து மறுபடியும் முகர்ந்து பார்க்கிறாள். “குல்லாவும் பெஞ்சுக்கடியில கிடைச்சுது. இதோ பாருங்க, ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. இருங்க, இதையும் அலசித் தர்றேன்...” “வேணாம்க்கா!” வகுப்பறையில் வாய்ப்பாடு சட்டென்று நிற்கிறது. ஆயாவின் கையிலிருந்து குல்லாவைப் பிடுங்கி, காற்றுப் படாமல் சால்வைக்குள் பொத்திக்கொண்டு அவள் பனியில் இறங்குகிறாள்.