மை குடித்த பஞ்சு

மணிக்கட்டு வரை கறுத்துப்போன கைகளோடு சுயம்புலிங்கம் அறைக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"நான் சொல்லுத வரைக்கும் ஒருத்தரும் உள்ள வரப்படாது."

"வரலைங்க" என்று சொல்லிவிட்டு, மனைவி அழகுத்தாய் தானே கதவை இழுத்துச் சாத்தினாள்.

காலையில்தான் பிரிண்டர் மக்கர் பண்ணியது. கழிவு மை நிறைந்துவிட்டது, சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள் என்று கம்ப்யூட்டர் திரையில் வந்தது. "ராஜபாளையத்துல குடுத்துட்டு வரட்டுமாப்பா?" என்று மகள் விஜி கேட்டதுதான் தாமதம், அவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"அவன் மட்டும் என்ன மந்திரமா போடப்போறான்? அடியில ஒரு பஞ்சு இருக்கும். வழியுத மைய அதுதான் குடிக்கும். அதக் கழட்டி அலசி மாட்டினா தீந்துச்சு. வீடியோல பாத்துட்டேன்."

"அப்ப நீங்களே பாருங்கப்பா. உங்களால முடியாததா" என்றாள் விஜி.

பஞ்சைக் கழற்றியதும் மை தரையில் ஓடி, கட்டில் கால் வரை போய் நின்றது. துணி கேட்டுச் சத்தம் போட்டார். தரையில் ஒரு சொட்டுக் காப்பி சிந்தினாலே பொழுதுக்கும் பேசுகிற அழகுத்தாய், கதவிடுக்கு வழியாகப் புதுத் துண்டையே எடுத்து நீட்டினாள்.

"என்னட்டி, பட்டுச்சேலையெல்லாம் கட்டியிருக்க?"

"மடவார் வளாகம் கோயிலுக்குப் போகணும்."

"ஹால்ல என்ன பேச்சுச் சத்தம்?"

"டிவி. நீங்க வேலையப் பாருங்க."

பஞ்சைப் பிழிந்துகொண்டே அவர் பேச்சைத் தொடர்ந்தார். "சேத்தூர்ல இருந்து விஜியப் பொண்ணு பாக்க வந்தான்ல, அவன்கிட்ட மிக்ஸி ரிப்பேர் ஆனா என்ன செய்வேன்னு கேட்டேன். கடையில குடுப்பேன்னான். பொறவு நீ எதுக்குய்யா ஆம்பளன்னேன். காப்பியக்கூடக் குடிக்காம எந்திரிச்சுட்டான். ரோசத்துக்கு மட்டும் குறைச்சல் இல்ல. அடுத்த ஞாயித்துக்கிழம ஒருத்தன் வாரான்னு சொன்னேல்ல, அவன்கிட்ட இந்தப் பிரிண்டரக் காட்டித்தான் பேச்சே ஆரம்பிக்கப்போறேன்."

"பஞ்சு நல்லாக் காயட்டும். அவசரப்படாதிய" என்று சொல்லி, அழகுத்தாய் விஜியின் ஹேர் டிரையரையும் உள்ளே கொடுத்துவிட்டுப் போனாள்.

அது போட்ட இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை. காய்ந்த பஞ்சைப் பொருத்தினார். வீடியோவில் சொன்ன சாஃப்ட்வேரை இறக்கி, கழிவு மை எவ்வளவு சேர்ந்தது என்று பிரிண்டர் வைத்திருந்த கணக்கைப் பூஜ்யமாக்கினார். பட்டனை அழுத்தியதும் பிரிண்டர் முக்கி முனகி ஒரு தாளைத் தள்ளியது. எழுத்து பளிச்சென்று இருந்தது.

சுயம்புலிங்கத்துக்கு மீசை துடித்தது. சர்வீஸ் சென்டர்க்காரர்கள் அத்தனை பேரையும் நினைத்து ஒரு சிரிப்புச் சிரித்தார். தாளை ஆட்டிக்கொண்டே போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

வாசலில் ஒரு கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ஹாலில் அழகுத்தாய் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மாப்ளைக்கு உன்னையப் பிடிச்சிருக்காம். இனி உங்கப்பாவ வெளிய விடு."