இன்னொரு துண்டு

"இன்னொரு துண்டு வைக்கட்டுமா?" என்று கேட்டாள் மாரித். அவளுடைய காபிக் கடை அது; கையில், மாவுக்குள் புளூபெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட 'பை' இருந்த தட்டு.

"ஐயோ, வேண்டாங்க. வயிறு நிறைஞ்சுபோச்சு" என்றார் கார்மைன்.

"சின்னத் துண்டுதான்."

"வேண்டாம், வேண்டாம்."

"வச்சிருந்தா வீணாப் போயிடுமே."

"அப்படின்னா... கொஞ்சமா வைங்க."

மாரித் வைத்தது பெரிய துண்டு. அப்படித்தான் வைப்பாள் என்று கார்மைனுக்கும் தெரியும். மினசோட்டாவின் அந்தச் சின்ன ஊரில், கேட்ட உடனே கை நீட்டுகிறவன் பேராசைக்காரன். இரண்டாவது தடவை நீட்டினால் அவசரக்காரன். மூன்றாவது தடவையும் கேட்டால்தான், கேட்பவர் மனசாரக் கேட்கிறார் என்று அர்த்தம்.

கார்மைன் பிறந்து வளர்ந்த நியூயார்க்கில் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது. வேண்டாம் என்றால் தட்டு போய்விடும், அவ்வளவுதான். தானியக் கிடங்கில் பழுது பார்க்க ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் என்று இந்த ஊருக்கு வந்த புதிதில், கொட்டும் பனியில் நடந்துபோன முடிதிருத்தும் கடைக்காரர் ஆர்விட்டை வண்டியில் ஏறிக்கொள்ளச் சொன்னார். ஆர்விட் பரவாயில்லை என்றார். இவரும் சரி என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பக்கத்து ஸ்டூலில் காபி குடித்துக்கொண்டிருந்த ஆர்விட், தலை முழுக்க நரைத்த பிறகும் அதை விடுவதாக இல்லை.

"மூக்கு உறைஞ்சுபோச்சு மாரித். இன்னும் ரெண்டு தடவை கூப்பிடுவாருன்னு நின்னு பாக்கறேன், வண்டியோட பின்விளக்குதான் தெரியுது" என்றார்.

மாரித் முதல் தடவை கேட்பதுபோல் சிரித்தாள். கார்மைனும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் நன்றாகவே தேறிவிட்டார். சாப்பாட்டுக்கும் வண்டிச் சவாரிக்கும் வேண்டாம் சொல்வதில் இப்போது உள்ளூர்க்காரர்களே அவரிடம் பிச்சை வாங்க வேண்டும்.

கிடங்கு வேலை முடிந்தும் அவர் ஊருக்குத் திரும்பவில்லை. யாராவது கேட்டால், இந்தக் கடையின் ஆப்பிள் பை விடமாட்டேன் என்கிறது என்பார். பொய்யும் இல்லை. அந்தக் காலத்தில் விடிந்தும் விடியாமலும் கதவைத் திறந்தால், வெண்ணெயும் பட்டையும் சேர்ந்த சூடான வாசனை முகத்தில் வந்து மோதும். ரேடியோவில் சோள விலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். மாரித்தின் தலைமுடியும் அப்போது சோளக் குஞ்சத்தின் நிறம்தான். தினமும் வருகிறவர்களின் கோப்பைகள் தொங்கும் ஆணி வரிசையில் ஒரு நாள் அவருக்கும் ஒரு கோப்பையை மாட்டினாள். சொந்த வீடு வாங்கியபோதுகூட அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அந்த முதல் வசந்தத்திலேயே, கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, தன்னைக் கல்யாணம் செய்துகொள்ள முடியுமா என்று அவளிடம் கேட்டேவிட்டார். கணவன் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன மாரித்துக்கு. மாவு தேய்த்துக்கொண்டிருந்தவள் காது வரை சிவந்து, "ஐயோ, அதெல்லாம் எதுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் காபி ஊற்றினாள்.

மாட்டேன் என்ற பெண்ணைத் திரும்பக் கேட்டு நச்சரிக்கிறவர் அல்ல கார்மைன். மனது வலித்தது. ஆனாலும் மறுநாள் காலை வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். தினமும் முகத்தையாவது பார்க்கலாமே. அப்படியே காலம் ஓடிவிட்டது.

"அது இருக்கட்டும், கடையை வித்துட்டு அரிசோனாவுக்குப் போறியாமே?" என்றார் ஆர்விட்.

கார்மைன் கையில் இருந்த முள்கரண்டி அப்படியே நின்றது.

தங்கை தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாள் என்றாள் மாரித். இரண்டு தடவை கேட்டாயிற்று, மாட்டேன் என்று சொல்லியும் ஆயிற்று. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, மறுபடியும் போன் செய்வாள்.

"மூணாவது தடவையா?" என்றார் ஆர்விட். அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை என்பதுபோல் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்து போனார்.

கடையில் இருவர்தான். கார்மைன் முள்கரண்டியைத் தட்டில் வைத்தார். போகாதே என்று சொல்ல அவருக்கு என்ன உரிமை இருக்கிறது?

"நல்ல வெயில் ஊரு. உங்க முழங்கால் வலிக்கு நல்லது" என்றார் தட்டைப் பார்த்துக்கொண்டே.

"எனக்கு அந்த ஊரு துளிகூடப் பிடிக்காது."

"அப்ப நாளைக்கும் மாட்டேன்னு சொல்லிடுங்களேன்."

"மூணாவது தடவையும் கேட்டா எப்படிங்க சொல்றது? மனசுல இல்லாம ஒருத்தர் மூணு தடவை கேப்பாங்களா?" என்றாள் மாரித். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு தலை நிமிராமல் சொன்னாள்:

"நீங்க ஒரு தடவையோட நிறுத்திட்டீங்க."

கார்மைன் நிமிர்ந்து பார்த்தார். அந்த வசந்தத்தில் சிவந்த மாதிரியே அவள் காதுகள் சிவந்திருந்தன. பாவி, சாப்பாட்டுக்கும் சவாரிக்கும் மட்டும்தான் இந்த வழக்கம் என்று இத்தனை காலமும் இருந்துவிட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"மாரித், என்னைக் கல்யாணம் பண்ணிக்கறீங்களா?"

"வேண்டாங்க, இந்த வயசுல போய்..." என்று சொன்ன மாரித், வாசல் கதவில் 'கடை மூடியிருக்கிறது' பலகையைத் திருப்பி மாட்டிவிட்டு, அவர் பக்கத்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்து காத்திருந்தாள்.