ஏரிக்கரை விருந்து

மலாவி ஏரிக்கரைச் சுற்றுலா விடுதியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் விருந்து. அலினாஃபே தன் மகள் தோக்கோவைத் தேய்த்துக் குளிப்பாட்டி, கைகாலெல்லாம் வாஸ்லின் பூசிவிட்டாள். முழங்கால் பளபளப்பைப் பார்த்து, விடிந்துவிட்டதென்று எங்கள் தெருச் சேவல் மறுபடி கூவியது.

பேருந்து வாசலில் கோண்ட்வே வாத்தியார் மறித்தார்.

“இவளுக்கு எடமில்லம்மா.”

“பாதி பஸ்ஸு காலியாக் கெடக்கே சார்! எம் புள்ள மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?”

வாத்தியார் குரலைத் தாழ்த்தினார். “விருந்து குடுக்குற வெள்ளைக்காரங்ககிட்ட, எல்லாமே அநாதைப் புள்ளைங்கன்னு சொல்லியிருக்கோம். இவளப் பாத்தாலே அம்மா இருக்குறது தெரியுதே!”

தோக்கோ விசும்பினாள். அலினாஃபே குனிந்து, கை நிறையச் செம்மண்ணை அள்ளி, மகளின் முகத்திலும் காலிலும் அப்பினாள்.

“இப்ப?”

“ஏறட்டும். பஸ் கெளம்புறப்ப டாட்டா மட்டும் காட்டிராதம்மா.”