வாயசைத்தால் போதும்

பாட்டு மாஸ்டரின் கை மேலே எழுந்தது. அவன் வாயைத் திறந்தான்.

சத்தம் இல்லை.

வரக்கூடாது என்பது மாஸ்டர் உத்தரவு.

நேற்று ஒத்திகை முடிந்ததும் அவனை மட்டும் டீக்கடைக்குக் கூட்டிப் போனார். கேட்காமலே வடை வாங்கிக் கொடுத்தார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

“கோவிச்சுக்கிடாதீங்கண்ணே. ஒங்க தொண்டைக்கு ஒரு கொறையும் இல்ல. நம்ம கோயில் செவுருதான் தாங்காது. அந்தக் கடைசி எடத்துல மட்டும் வாய அசைச்சாப் போதும்.”

வடையை விழுங்கினான். ராத்திரி முழுக்க அது நெஞ்சிலேயே நின்றது.

கல்லறைத் திருநாள். இரண்டு பங்குக் கோயில்களின் பாடகர் குழுக்கள் சேர்ந்து, இறந்தவர்களுக்காகப் பாடும் லத்தீன் பாட்டு. எந்த நாட்டிலோ இன்னும் உயிரோடு இருக்கிற ஒருத்தர் போட்ட மெட்டு. தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நாற்பத்தைந்து வயதில் எழுத்துக் கூட்டப் படித்தவன் அவன். முதன்முதலாகத் தட்டுத் தடுமாறாமல் வாசித்தது அந்த லத்தீனைத்தான்.

பெண்கள் ஒரு சுரத்தில் நிற்பார்கள். ஆண்கள் அதை ஒட்டினாற்போல் அடுத்த சுரத்தில் உரசுவார்கள். முதல் நாள் எல்லோரும் பக்கத்தில் நின்றவரை முறைத்தார்கள். தப்பு மாதிரிக் கேட்டால் சரியாகப் பாடுகிறீர்கள் என்றார் மாஸ்டர்.

அந்த நிமிஷமே அவனுக்குப் பாட்டு பிடித்துப்போயிற்று.

வீட்டில் பாடிப் பார்த்தான். செத்தவர்களுக்குப் பாடச் சொன்னால் எழுப்பிவிடப் பார்க்கிறீர்களா என்று மனைவி கேட்டாள்.

கடைசி இடத்தில் எல்லாக் குரலும் நின்றுவிடும். கீழ்க்குரல் நால்வர் மட்டும் ஒரே ஒரு சுரம். எத்தேர்னாம். என்றென்றைக்கும் என்று அர்த்தம். அதற்காகத்தான் மூன்று மாதம், உப்பளத்தில் மூட்டையை இறக்கிவிட்டு, உப்புக் காலோடு ஒத்திகைக்கு ஓடி வந்தான்.

இதுதான் அந்த இடம்.

கோயிலில் ஒரு சத்தமும் இல்லை.

ஓரக்கண்ணால் பார்த்தான். கூடவே மூட்டை தூக்குகிற மூவர்தான் மற்றக் கீழ்க்குரல்கள். சந்தியாகு வாயை அகலத் திறந்திருந்தான். வியாகப்பனும் திறந்திருந்தான். தொம்மை கண்ணை வேறு மூடியிருந்தான், உருக்கமாக.

நாலு வாய்.

ஒரு குரல் இல்லை.

மாஸ்டர் மொத்தம் எத்தனை வடை வாங்கினார் என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

மாஸ்டரின் கை இன்னும் மேலேயே நின்றது. முன்வரிசையில் பங்குச் சாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

உப்பளத்தில் ஒருத்தன் குரல் கொடுத்தால்தான் மற்ற மூன்று முதுகும் நிமிரும்.

கொடுத்தான்.

மற்ற மூன்று குரலும் வந்து ஏறின.

நின்ற பலகை அதிர்ந்தது. குதிகாலில் தொடங்கி, முழங்கால் வழியாக, பகலெல்லாம் மூட்டை கிடந்த முதுகுக்கு அது வந்து சேர்ந்தது. அங்கே கொஞ்ச நேரம் இருந்தது.

தாளில் அந்தச் சுரத்துக்கு நாலு எண்ணிக்கை.

போதும் என்று மாஸ்டர் கையை மூடினார்.

நால்வரும் அதைப் பார்த்தார்கள்.

மூச்சு இன்னும் மீதி இருந்தது.