சுத்தமான கரை

வெள்ளைக்காரன் காலத்துக் கால்வாயைத் தூர் வார அரசாங்கப் பணம் வரப்போகிறது என்றதும், பஞ்சாயத்துத் தலைவர் முனிரத்தினம் முதல் வேலையாக மீனவர் ரங்கனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ரங்கா, இடத்தைப் பார்க்க நாளைக்கு ஆபீசர் வர்றாரு. படகு, வலை, கூடை எதுவும் அவர் கண்ணுல படக்கூடாது. எல்லாரும் சவுக்குத் தோப்புக்குள்ள போயிடுங்க."

"இன்னாத்துக்குண்ணா?"

"ஆக்கிரமிப்புன்னு எழுதிட்டா பணம் வராதுப்பா."

உண்மையில், ஆபீசர் முன்னால் கருவாட்டு நாற்றம் அடிக்குமே என்பதுதான் அவருடைய கூச்சம்.

மறுநாள் ஜீப்பில் வந்த அதிகாரிக்கு முனிரத்தினம் உற்சாகமாக விளக்கினார். "இதுக்குச் சரிவே கிடையாது சார். கோவளத்துல கடல் ஏறினா தண்ணி உள்ள வரும், இறங்கினா வெளிய போகும். மண்ணு அடைச்சு அந்த ஓட்டமே நின்னுபோச்சு."

"படகு ஏதாவது ஓடுதா?"

"ஒண்ணுகூடக் கிடையாது சார். மீன்காரங்க தொல்லையே இல்லாத சுத்தமான ஊரு."

அதிகாரி பேனாவை மூடினார். "அடடா! படகை நம்பிப் பிழைக்கிறவங்க இருக்கிற ஊருக்குத்தான் இந்தப் பணம். அடுத்த ஊரைப் பார்க்கிறேன்."

இருக்கிறார்கள் என்று சொல்ல முனிரத்தினம் வாயைத் திறந்தார். சொன்னால், எங்கே என்று கேட்பார். ஒளித்து வைத்ததைக் காட்ட வேண்டியிருக்கும். வாயை மூடிக்கொண்டார். ஜீப் போய்விட்டது.

தோப்புக்குள் படகுகளின் மறைவில் எல்லோரும் நெருக்கியடித்துக் குந்தியிருந்தார்கள். ரங்கனின் மனைவி காந்தா, கைக்குழந்தை அழாமலிருக்க மாரோடு அணைத்திருந்தாள். தலைவரைப் பார்த்ததும் ரங்கன் எழுந்து வந்து மெல்லிய குரலில் கேட்டான்:

"ஒருத்தர்கூட மூச்சு வுடலண்ணா. துட்டு வந்துடும் இல்ல?"