ஓட்டு, ஒண்ணும் ஆகாது

"வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

மேனேஜர் வித்யாலட்சுமி குரலை உயர்த்தவில்லை. அதுதான் தினேஷுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"போனேன் மேடம். மெக்கானிக் சக்ரபாணி அண்ணன் பார்த்துட்டு, 'இன்னும் ஒரு மாசம் ஓட்டு, ஒண்ணும் ஆகாது'ன்னார்."

சொன்னது அத்தனையும் பொய்.

மல்லாபூரில் இருக்கும் அந்த அட்டைப்பெட்டி கம்பெனிக்கு நாலு பிக்கப் வண்டிகள். அதில் ஒன்றுக்கு தினேஷ் டிரைவர். மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம் சக்ரபாணியின் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டு, அடியில் இருக்கும் ஜாயின்ட்டுகளுக்கு கிரீஸ் அடித்துக்கொண்டு வரவேண்டும். இன்ஜின் பக்கத்திலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் நீள ஷாஃப்ட்டை இரண்டு முனையிலும் தாங்கிப் பிடிப்பது அந்த ஜாயின்ட்டுகள்தான்.

மூன்று மாதமாக அந்தச் சனிக்கிழமை மதியங்களில் தினேஷ் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுத் தூங்கினான்.

அப்புறம் கியர் மாற்றும்போதெல்லாம் அடியில் 'டக்'கென்று ஒரு சத்தம். பக்கத்தில் உட்கார்ந்து வரும் லோடுமேன் ஃபெலிக்ஸ் நாகர்கோவில்காரன். தினமும் சொல்லுவான்.

"மக்கா, ஜாயின்ட் ஆடுது. கொண்டு காட்டிருடே."

"காட்டலாம், காட்டலாம்."

முந்தாநாள் ஹப்சிகுடாவில் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது ஜாயின்ட் உடைந்தது. ஷாஃப்ட் ரோட்டில் குத்தி, வண்டி இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போய் மின்கம்பத்தில் மோதியது. தினேஷுக்கு நெற்றியில் ஒரு கீறல். ஃபெலிக்ஸின் காலை நசுங்கிய கதவிலிருந்து வெளியே எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது.

ஆஸ்பத்திரிப் பக்கம் போக தினேஷுக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

"சக்ரபாணியை வரச்சொல்லியிருக்கேன். வெளியிலதான் உட்கார்ந்திருக்கார்" என்றார் வித்யாலட்சுமி.



சக்ரபாணி உள்ளே வந்தார். கையிலிருந்த துணிப் பொட்டலத்தை மேஜைமேல் பிரித்தார். உடைந்த ஜாயின்ட். கிரீஸ் பிசுக்கே இல்லை. செங்கல் பொடி மாதிரி துரு உதிர்ந்தது. மாதக்கணக்கில் யாரும் அதைத் தொடவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

"இந்த வண்டி உங்ககிட்ட வந்துதா? ஓட்டலாம்னு நீங்க சொன்னதா தினேஷ் சொல்றான்."

சக்ரபாணி தினேஷைப் பார்த்தார். தினேஷ் தரையைப் பார்த்தான்.

"ஹவ் மேடம், ஆமா. வந்துச்சு. நான்தான் ஓட்டுன்னு சொல்லி அனுப்பினேன்."

"இந்த நிலைமையில இருக்கறதைப் பார்த்துட்டா?"

"அப்பவே மாத்தியிருக்கணும். தப்பு என்னோடதுதான்."

வித்யாலட்சுமி ஜாயின்ட்டை அவர் பக்கம் தள்ளினார்.

"ஒரு மனுஷனோட கால் சார் அது. இனிமே எங்க வண்டி எதுவும் உங்ககிட்ட வராது. பதினோரு வருஷப் பழக்கம்ங்கறதால இதோட விடறேன்."

சக்ரபாணி தலையாட்டிவிட்டு, ஜாயின்ட்டைத் துணியில் சுருட்டிக்கொண்டு வெளியேறினார்.

தப்பித்தோம் என்றுதான் தினேஷுக்கு முதலில் தோன்றியது. அடுத்த நிமிஷமே அந்த நினைப்பு அவனுக்கே கூசியது. பின்னாலேயே ஓடினான். கேட்டுக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்தான்.

"அண்ணே, ஏண்ணே இப்படிச் சொன்னீங்க? என்னைக் காட்டிக் கொடுக்கத்தானே அதை எடுத்துட்டு வந்தீங்க?"

"ஹவ். அதுக்குத்தான் எடுத்துட்டு வந்தேன்." அவர் ஸ்கூட்டரைத் திருப்பினார். "வர்ற வழியில ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஃபெலிக்ஸுக்கு முட்டிக்குக் கீழ காலை எடுத்துட்டாங்க. தெரியுமா உனக்கு?"

தெரியாது. தினேஷ் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"இப்பவே போய் உள்ளதைச் சொல்லப் போறேன்னு அவன்கிட்ட சொன்னேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டான். 'வேண்டாம்ணே. இனிமே என்னால லோடு தூக்க முடியாது. எங்க வீட்டுக்குச் சம்பளம் நின்னு போச்சு. தினேஷ் வீட்டுலயும் நிக்க வேண்டாம்'னான். வேற என்னடா செய்யச் சொல்றே என்னை?"

தினேஷ் கேட் கம்பியை விட்டான். பிறகு ஆபீஸ் பக்கம் திரும்பி நடந்தான்.

"எங்கடா போறே? நக்கோ, வேண்டாம்டா! நான் சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்!"

அவன் நிற்கவில்லை. கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே போனான்.

"மேடம், நான் சொன்னது பொய். வண்டியை நான் கொண்டு போகவே இல்ல."